ஆக்சஸ், லிப்ரேஆபிஸ் பேஸ் கற்பவர்களுக்கு: எந்தப் பாடத்தை எப்போது படிப்பது

கோயில் சபையோ, தமிழ்ப் பாடசாலையோ, ஈமச்சடங்கு உதவிச் சங்கமோ, உறுப்பினர் பட்டியல் எக்செல்லில்தான் தொடங்கும். கொஞ்ச காலத்தில் செயலாளரிடம் ஒரு பிரதி, பொருளாளரிடம் ஒரு பிரதி, காவடிப் பதிவுக்கு உட்காருபவரிடம் இன்னொரு பிரதி என்று ஆகிவிடும். தைப்பூசம் நெருங்கும் நேரத்தில் எது சரியான பட்டியல் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் ஒழுங்காக வைக்கும் டேட்டாபேஸ் கற்றுக்கொள்ள இதுவே போதுமான காரணம். ஆக்சஸ், பேஸ் இரண்டும் அதற்கான மென்பொருள்கள்.

பாடங்கள் ஏராளமாக, இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் எல்லாம் வரிசையில்தான். வீடியோ தேடினால் முதலில் கண்ணில் படுவது கலர் கலரான ஃபார்ம் (தகவல் நிரப்பும் திரை) செய்யும் பாடம். அங்கே தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அடியில் இருக்கும் டேபிள் (தகவலை வைக்கும் அட்டவணை) தவறாக இருந்தால் ஃபார்மை எத்தனை முறை திருத்தினாலும் கணக்கு சரிவராது. முதலில் டேபிள், அடுத்து குவெரி (டேபிளிடம் கேட்கும் கேள்வி), அதற்குப் பிறகுதான் ஃபார்மும் ரிப்போர்ட்டும் (அச்செடுக்கும் அறிக்கை). டர்பனிலோ ஜொஹானஸ்பர்க்கிலோ வாங்கிய கணினியில் வெளிநாட்டுப் பாடம் எங்கே இடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எந்த மென்பொருள்

விண்டோஸ் கணினியும் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவும் ஏற்கெனவே இருந்தால் ஆக்சஸ். மேக் கணினியில் ஆக்சஸ் ஓடாது. காசு செலவழிக்காமல் தொடங்க வேண்டும், அல்லது சபையில் ஒருவரிடம் மேக்கும் ஒருவரிடம் லினக்ஸும் இருக்கிறது என்றால் லிப்ரேஆபிஸ் பேஸ். ஆக்சஸ் 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 அக்டோபர் 14-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய சிடி கையில் இருக்கிறது என்பதற்காக அதில் தொடங்க வேண்டாம். ஆக்சஸ் கோப்பு ஒன்று 2 ஜிபி வரை பிடிக்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் அது தாராளம்.

ஒன்றைத் தேர்ந்து அதிலேயே முடியுங்கள். இரண்டையும் மாறி மாறித் தொட்டால் ஒன்றும் கைவராது.

கணினியைத் திறக்கும் முன், தாளில்

ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பெட்டி வரையுங்கள்: குடும்பம், ஆள், ரசீது. குடும்பத்துக்குள் முகவரி, பகுதி, தொலைபேசி. ஆளுக்குள் பெயர், பிறந்த தேதி, எந்தக் குடும்பம். ரசீதுக்குள் தேதி, தொகை, எந்த நிதிக்கு (சந்தா, அன்னதானம், திருப்பணி), எந்தக் குடும்பம். ஒவ்வொரு பெட்டியிலும் முதல் வரியாக, ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் ஓர் எண். அதுதான் பிரைமரி கீ. அதற்குப் பெயரையோ தொலைபேசி எண்ணையோ வைக்காதீர்கள். கோவிந்தசாமி பிள்ளை என்ற பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், தொலைபேசி எண் மாறும். மென்பொருள் தானாகத் தரும் ஆட்டோநம்பரே போதும்.

எக்செல்லில் இருந்து வருபவர்கள் செய்யும் வழக்கமான பிழை, 2023 சந்தா, 2024 சந்தா, 2025 சந்தா என்று வருடத்துக்கு ஒரு பத்தி போடுவது. அடுத்த ஜனவரியில் டேபிளையே மாற்ற வேண்டிவரும். வருடம் என்பது ரசீது டேபிளின் தேதிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குத் தனிப் பத்தி தேவையில்லை. பாடங்களில் நார்மலைசேஷன் என்று வரும் அத்தியாயம் சொல்வதும் அடிப்படையில் இதையே. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த அத்தியாயம் சட்டென்று புரியும்.

பாடங்கள், படிக்க வேண்டிய வரிசையில்

பேஸ் எடுத்தவர்களுக்குத் தமிழிலேயே ஒரு நல்ல தொடக்கம் உண்டு. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரேஆபிஸ் பேஸ் வரிசை இருக்கிறது, தமிழ்க் குரலில். ஒரு நூலகத்தின் புத்தகங்கள், உறுப்பினர்கள், இரவல் என்ற உதாரணத்தை வைத்துச் சிறு சிறு வீடியோக்களாகப் போகும். பழைய பதிப்பில் பதிவானவை என்பதால் மெனு கொஞ்சம் இடம் மாறியிருக்கும், ஆனால் டேபிள், உறவு, குவெரி எதுவும் மாறவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அவர்கள் புத்தகம் என்று சொல்லும் இடத்தில் நீங்கள் குடும்பத்தை வைத்துச் செய்யுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் நிறுத்தி, உங்கள் கோப்பில் அதே வேலையை முடித்த பிறகே அடுத்தது. மொபைல் டேட்டா செலவாகும் என்பதால் வைஃபை இருக்கும் இடத்தில் மொத்தமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து லிப்ரேஆபிஸ் ஆவணக் குழு வெளியிடும் பேஸ் கையேடு. இலவச பிடிஎஃப், ஆங்கிலத்தில். அதில் டேபிள் மூன்றாம் அத்தியாயம், ஃபார்ம் நான்காவது, குவெரி ஐந்தாவது. எங்கள் ஆலோசனை: 3 முடிந்ததும் நேராக 5-க்குப் போய்விட்டுப் பிறகு 4-க்குத் திரும்புங்கள். ஃபார்ம் அத்தியாயம் நீளமானது. குவெரி தெரியாமல் அதைப் படித்தால் பாதிக்கு மேல் ஏன் என்றே விளங்காது. மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தை முதல் வருடம் தொடவே வேண்டாம்.

ஆக்சஸ் எடுத்தவர்கள் மைக்ரோசாஃப்டின் உதவித் தளத்தில் உள்ள அடிப்படைப் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு, புதிய கோப்பு தொடங்கும் திரையில் நார்த்விண்ட் என்று தேடுங்கள். ஆக்சஸோடு பல காலமாக வரும் மாதிரி டேட்டாபேஸ் அது. இப்போதைய 2.0 இரண்டு வடிவில் கிடைக்கிறது. தொடங்குபவர்களுக்கான ஸ்டார்ட்டர் வடிவத்தை எடுங்கள். டெவலப்பர் வடிவம் முழுக்க நிரல், இப்போது குழப்பும். திறந்ததும் ஃபார்ம்களைப் பார்த்து மயங்காமல், டேட்டாபேஸ் டூல்ஸ் பட்டியில் ரிலேஷன்ஷிப்ஸ் பொத்தானை அழுத்துங்கள். டேபிள்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் தெரியும். அதை அச்செடுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் "இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் பல" என்று எழுதிப் பாருங்கள். பொருள் டேபிளில் விலை இருக்க, ஆர்டர் விவரத்தில் விலை மறுபடி ஏன் இருக்கிறது என்று யோசியுங்கள். விலை நாளைக்கு ஏறும், பழைய ஆர்டர் பழைய விலையிலேயே நிற்க வேண்டும். சந்தாத் தொகை உயர்த்தும் சபைக்கும் இதே விதிதான்.

மூன்றாவதாக எஸ்க்யூஎல், அதாவது குவெரியை எழுத்தில் எழுதும் மொழி. இரண்டு மென்பொருளுக்கும் பொது. எஸ்க்யூஎல்போல்ட், டபிள்யூ3ஸ்கூல்ஸ் என்ற இணையதளங்கள் இரண்டிலும் உலாவியிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். செலக்ட் (எதை எடுப்பது), வேர் (எந்த நிபந்தனையில்), ஜாயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (வகைவாரியாகத் தொகுப்பது) இந்த நான்கும் கைவந்தால் ஒரு சபையின் தேவைக்குப் போதும். இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் ஹார்வர்டின் சிஎஸ்50 வரிசையில் டேட்டாபேஸுக்கென்றே ஒரு முழு வகுப்பு இலவசமாக இருக்கிறது. ஆனால் அது எஸ்க்யூலைட் என்ற வேறொரு டேட்டாபேஸ் மென்பொருளில் தொடங்குகிறது. அங்கே கற்றதை அப்படியே ஆக்சஸில் ஒட்டினால் ஓடாது. முக்கியமான வித்தியாசங்கள் இவை:

ஆக்சஸில் "எதுவாகவும் இருக்கலாம்" என்ற குறி *, மற்றவற்றில் %. தேதியை ஆக்சஸ் # குறிகளுக்கு நடுவில் கேட்கும், மற்றவை ஒற்றை மேற்கோளுக்குள். மூன்று டேபிளை இணைக்கும்போது ஆக்சஸுக்கு ஜாயின்களைச் சுற்றி அடைப்புக்குறி கட்டாயம். முதல் பத்து வரி மட்டும் வேண்டும் என்றால் ஆக்சஸில் டாப், எஸ்க்யூலைட்டில் லிமிட். பேஸில் வேறு மாதிரிச் சிக்கல்: டேபிள் பெயரை இரட்டை மேற்கோள் இல்லாமல் எழுதினால் அதை முழுக்கப் பெரிய எழுத்தாக்கித் தேடும், கண்ணுக்கு எதிரே இருக்கும் டேபிளை "இல்லை" என்று சொல்லும்.

அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும்

ஃபீல்டு (டேபிளின் ஒரு பத்தி) வகை தேர்வில்தான் இந்த நாட்டுத் தகவல் முதலில் அடிவாங்கும். தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த நான்கு 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. இதை எண் வகை ஃபீல்டில் வைக்கப் போனால் ஆக்சஸின் லாங் இன்டிஜர் என்ற முழு எண் வகை 2 147 483 647-க்கு மேல் ஏற்காது. அதைத் தாண்டும் வகையைப் போட்டாலும், 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் பூஜ்யத்தில் தொடங்கும், அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். அதனால் ஷார்ட் டெக்ஸ்ட் (எழுத்து வகை), நீளம் 13. வேலிடேஷன் ரூல் (சரிபார்ப்பு விதி) கட்டத்தில் லைக் என்ற சொல்லும் மேற்கோளுக்குள் 13 ஹாஷ் (#) குறியும் போட்டால் 13 இலக்கம் தவிர வேறெதையும் உள்ளே விடாது. 0 என்று தொடங்கும் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணுக்கும் இதே முறை. தேதியும் டேபிள்களை இணைக்கும் எண்ணும் தவிர, கூட்டவோ பெருக்கவோ போகாத எதுவும் டெக்ஸ்ட் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

எக்செல்லில் ஏற்கெனவே இந்த எண்கள் இருந்தால் கவனம். பொது வடிவத்தில் இருக்கும் 13 இலக்கத்தை எக்செல் அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். அதை அப்படியே சிஎஸ்வியாக (பிரிப்புக் குறிகள் வைத்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் சுருங்கியதுதான் கோப்பில் போகும், கடைசி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காது. முதலில் அந்தப் பத்தியின் வடிவத்தை இலக்கப் புள்ளி இல்லாத எண்ணாக்கி எல்லா இலக்கமும் தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு சேமியுங்கள்.

அடையாள எண்ணில் வருடம் இரண்டு இலக்கம்தான். 25 என்றால் 1925-ஆ 2025-ஆ? பிறந்த தேதிக்குத் தனி ஃபீல்டு வைத்தே ஆக வேண்டும்.

கமாவும் அரைப்புள்ளியும்

பாடத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அடித்தும் பிழை வருகிறதா? இங்கே விற்கும் பல கணினிகளில் விண்டோஸ் "ஆங்கிலம் (தென்னாப்பிரிக்கா)" என்று அமைந்திருக்கும். அதில் தசமக் குறி கமா: R1 250,50. கமா அங்கே போய்விட்டதால், ஒரு ஃபங்ஷனுக்குள் மதிப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டும். அமெரிக்கப் பாடத்தில் மூன்று மதிப்பைக் கமாவால் பிரித்துக் காட்டும் ஐஐஃப் ஃபங்ஷன் (நிபந்தனையைப் பொறுத்து இரண்டு மதிப்பில் ஒன்றைத் தருவது) உங்கள் குவெரி வடிவமைக்கும் கட்டத்தில் தொடரியல் பிழை தரும். கமாவை அரைப்புள்ளியாக்கினால் ஓடும்.

இன்னொரு வினோதமும் உண்டு. அதே ஆக்சஸில் எஸ்க்யூஎல் வியூவுக்கும் (குவெரியை எழுத்தாகக் காட்டும் திரை) விபிஏ (ஆக்சஸின் நிரல்மொழி) நிரலுக்கும் போனால் மறுபடி கமாதான், தசமத்துக்குப் புள்ளிதான். அமைப்பு எதுவானாலும் அந்த இரண்டு இடமும் மாறாது. ஆக, கட்டத்தில் அரைப்புள்ளி, எஸ்க்யூஎல்லிலும் நிரலிலும் கமா. சேமித்த குவெரியை வேறு அமைப்புள்ள கணினியில் திறந்தால் ஆக்சஸ் தானே மாற்றிக் காட்டும், கோப்பு கெடாது. பாடத்துக்காக முழுக் கணினியின் அமைப்பையும் அமெரிக்காவுக்கு மாற்றாதீர்கள். வங்கியிலிருந்து இறக்கும் கோப்பு, எக்செல் தாள் எல்லாம் சேர்ந்து குழம்பும்.

தேதி இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் பிழையே காட்டாது. எஸ்க்யூஎல் வியூவில் ஹாஷ் குறிக்குள் 05/04/2025 என்று எழுதினால் ஆக்சஸ் மே 4 என்று எடுக்கும். 13/04/2025 என்றால் 13-ஆம் மாதம் இல்லாததால் சத்தமில்லாமல் ஏப்ரல் 13 ஆக்கிக்கொள்ளும். ஒரே கோப்பில் பாதி தேதி சரி, பாதி தவறு. வருடம் முதலில் வரும்படி 2025-04-05 என்றே எப்போதும் எழுதுங்கள்.

"யார் இன்னும் சந்தா கட்டவில்லை?"

கமிட்டிக் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி இது. இதற்குச் சரியான விடை எடுக்கத் தெரிந்தவருக்கு குவெரியில் பாதி வந்துவிட்டது. அதனால் இந்த ஒன்றில் நேரம் செலவழியுங்கள்.

குடும்பம் டேபிளையும் ரசீது டேபிளையும் சாதாரணமாக இணைத்தால் ரசீது உள்ள குடும்பங்கள் மட்டுமே வரும். கட்டாதவர்கள் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். இணைப்புக் கோட்டின் மேல் இரண்டு முறை சொடுக்கி, "குடும்பம் டேபிளில் உள்ள எல்லா ரெக்கார்டும்" என்று தொடங்கும் தேர்வைப் போட வேண்டும். இதுவே லெஃப்ட் ஜாயின். பாடங்கள் இதுவரை சொல்லிவிடும். அடுத்த அடியில்தான் விழுவோம்.

2025-ஆம் வருடம் மட்டும் வேண்டும் என்று ரசீதுத் தேதியின் கீழ் 2025 என்ற நிபந்தனையைப் போடுகிறோம். உடனே கட்டாதவர்கள் மறுபடி காணாமல் போகிறார்கள். காரணம் எளிது: ரசீதே இல்லாத குடும்பத்துக்குத் தேதிக் கட்டம் காலி, அதாவது நல். காலியான ஒன்று 2025-ஆ என்ற கேள்விக்கு ஆம் என்ற பதில் வராது. இணைப்பு கொண்டுவந்து சேர்த்த வரியை நிபந்தனை தள்ளிவிடுகிறது. "அல்லது காலி" என்று சேர்த்தாலும் தப்பு. 2024-இல் கட்டி 2025-இல் கட்டாதவர் இரண்டிலும் சிக்காமல் நழுவிவிடுவார்.

இரண்டு படியாகச் செய்யுங்கள்.

1. ரசீது டேபிள் மட்டும் வைத்து ஒரு குவெரி. நிதி "சந்தா", தேதி 2025-01-01 முதல் 2025-12-31 வரை. இதைத் தனிப் பெயரில் சேமியுங்கள்.

2. புதிய குவெரியில் குடும்பம் டேபிளையும் முதலில் சேமித்த குவெரியையும் வைத்து லெஃப்ட் ஜாயின் போடுங்கள். ரசீது எண்ணின் கீழ் நிபந்தனை: இஸ் நல்.

பேஸிலும் இதே இரண்டு படி ஓடும். சரிபார்க்க, கட்டியவர் எண்ணிக்கையையும் கட்டாதவர் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். மொத்தக் குடும்ப எண்ணிக்கை வர வேண்டும். கட்டியவரை எண்ணும்போது ரசீதுகளை எண்ணாமல் குடும்பங்களை எண்ணுங்கள். ஒரே குடும்பம் இரண்டு தவணையாகக் கட்டியிருக்கலாம். டிசம்பர் 31 மாலை கட்டியவர் விடுபட்டால், தேதி ஃபீல்டின் இயல்பு மதிப்பாக நவ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மணியையும் சேர்த்து வைக்கும், நள்ளிரவுக்குப் பிந்தைய எதுவும் எல்லைக்கு வெளியே போய்விடும். டேட் ஃபங்ஷன் போட்டால் நாள் மட்டும் பதியும்.

அடுத்த பொறி கூட்டுத்தொகை. பகுதிவாரியாக வரவு எவ்வளவு என்று பார்க்க குடும்பம், ஆள், ரசீது மூன்றையும் ஒரே குவெரியில் இழுத்துப் போட்டால், நான்கு பேர் உள்ள வீட்டின் R600 ரசீது நான்கு முறை வரும், தொகை R2 400 ஆகும். குவெரி எந்தப் பிழையும் சொல்லாது. கேள்விக்குத் தேவையில்லாத டேபிளைக் கொண்டுவராமல் இருப்பதே மருந்து: பகுதிவாரி வரவுக்கு ஆள் டேபிள் வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டுக் குவெரியையும் எழுதிய உடனே, ரசீது டேபிளின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இந்த இரண்டையும் பார்க்காமல் கையால் செய்ய முடிந்த பிறகு ஃபார்முக்குப் போங்கள். விசார்ட் (படிப்படியாகக் கேட்டுச் செய்துதரும் வசதி) வைத்துக் குடும்பம் மேலே, ஆட்கள் கீழே சப்ஃபார்மாக (ஃபார்முக்குள் ஃபார்ம்) ஒன்று, ரசீதுக்கு ஒன்று. இரண்டு ஃபார்ம், இரண்டு ரிப்போர்ட் போதும்.

தமிழ்ப் பெயர்கள்

இரண்டு மென்பொருளும் யூனிகோட் தமிழை டேபிளில் சரியாகவே வைத்துக்கொள்ளும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போவது வெறும் ஆங்கிலக் குறிகள். சிஎஸ்வியை ஆக்சஸுக்குள் கொண்டுவரும்போது அட்வான்ஸ்டு பொத்தானில் யூடிஎஃப்-8, அதாவது 65001 என்று தேர்ந்தெடுங்கள். ஆக்சஸின் விபிஏ எடிட்டர் தமிழை ஏற்காது, கேள்விக்குறிகளாகக் காட்டும். திரையில் காட்ட வேண்டிய தமிழ் வாசகங்களை ஒரு டேபிளில் வைத்து எடுப்பது வழி.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு: "கொ" என்பதில் வரும் ொ ஒரே குறியாகவும் பதியலாம், ெ, ா என்று இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரும் இடங்கள் உண்டு, அப்போது தேடல் சிக்காது. வெவ்வேறு கீபோர்டில் அடித்தவர்களின் பட்டியல்களைச் சேர்க்கும்போது இந்த இரட்டைக் குறியைத் தேடி ஒற்றையாக மாற்றிவிடுங்கள். ோ, ௌ இரண்டுக்கும் அப்படியே. எஸ்க்யூலைட் போன்றவை யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும்போது ன-வுக்குப் பின் ப வரும், ற, ள, ழ எல்லாம் வ-வுக்கு முன்னால் வந்துவிடும். தமிழ்ப் பெயருக்கு ஒரு ஃபீல்டு, அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துப் பெயருக்கு ஒரு ஃபீல்டு என்று வைத்து, இரண்டாவதை வைத்து வரிசைப்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும். டேபிள், ஃபீல்டு பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். நேம், டேட் என்ற தனிச் சொற்களைத் தவிருங்கள், அவை மென்பொருளின் சொந்தச் சொற்கள்.

மின்வெட்டு, பிரதி, பிறர் தகவல்

லோட்ஷெடிங் வந்துபோகும் நாட்டில் இது கடைசி அத்தியாயமாக இருக்கக் கூடாது. முதல் நாளே செய்ய வேண்டியது. பேஸின் உள்ளமைந்த டேட்டாபேஸில் ஒரு ரெக்கார்டைச் சேமித்தாலும், பேஸின் பிரதான சாளரத்தில் சேமி அழுத்தும்வரை அது கோப்புக்குள் போய்ச் சேராது. கரண்ட் போனால் அதுவரை அடித்தது போய்விடும். பத்துப் பதிவுக்கு ஒரு முறை பிரதான சாளரத்தில் சேமியுங்கள். ஆக்சஸ் ஒவ்வொரு ரெக்கார்டையும் உடனே எழுதும், ஆனால் எழுதும் நொடியில் மின்சாரம் நின்றால் கோப்பே பழுதாகலாம். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் என்ற பழுதுநீக்கும் வசதி சில சமயம் மீட்கும், சில சமயம் மீட்காது. பேட்டரி உள்ள மடிக்கணினியில் வேலை செய்யுங்கள். கோப்பு கணினியின் சொந்த வட்டில் இருக்கட்டும். யுஎஸ்பி குச்சியிலிருந்தோ ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையிலிருந்தோ நேரடியாகத் திறக்காதீர்கள். அங்கே பிரதி மட்டும் போகட்டும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மென்பொருளை மூடிவிட்டு, தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு பிரதி எடுங்கள்.

பயிற்சிக்கு உண்மையான பதிவேட்டைப் பயன்படுத்தாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், பாப்பியா என்று எல்லோரும் சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. மத நம்பிக்கை அதில் சிறப்புப் பாதுகாப்புள்ள தகவல். கோயில் உறுப்பினர் பட்டியல் என்றாலே அது உள்ளே வந்துவிடுகிறது. இருபது கற்பனைக் குடும்பங்கள், அறுபது ஆட்கள், நூறு ரசீதுகள் என்று அடித்து வைத்துக்கொண்டால் மேலே சொன்ன எல்லாக் குவெரியையும் பழகலாம். சந்தேகம் கேட்க யாருக்காவது கோப்பை அனுப்புவதானாலும் அந்தக் கற்பனைக் கோப்பையே அனுப்புங்கள். அசல் பதிவேட்டுக்கு வரும்போது ஆக்சஸில் கடவுச்சொல்லோடு குறியாக்கம் செய்யலாம். அதற்குக் கோப்பை எக்ஸ்க்ளூசிவ் முறையில் (வேறு யாரும் திறக்க முடியாதபடி) திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தேர்வு வேலை செய்யாது. கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை. எழுதி உறையில் இட்டு, சபையின் ஆவணங்களோடு பூட்டி வையுங்கள்.